சிவக்காத கட்டம்

நாம் மாணவராயிருந்த காலத்தில் எமது வகுப்பாசிரியரின் சட்டைப்பையில் எப்பொழுதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று நீலம், மற்றது சிவப்பு. தவணை முடிவிலே தேர்ச்சி அறிக்கை எழுத அமர்ந்தாரானால் நீலப் பேனா ஓடிக்கொண்டேயிருக்கும். திடீரென அது மூடப்படும். சிவப்புப் பேனாவின் மூடி கழற்றப்படும் ஒலி கேட்கும். அவ்வொலிக்கே வகுப்பு முழுவதும் அடங்கிவிடும். வன்னியில் மின்சாரமில்லாத நாட்கள் அவை. வீட்டிலே குப்பி விளக்கின் அருகில், எழுத்தறியாத எம் பாட்டியார் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்து, "எத்தனை இடத்திலை சிவப்புக் கிடக்கு?" என்பார். நிறத்தைப் படிப்பதற்கு அரிச்சுவடி வேண்டியதில்லை அல்லவா?

அச்சிவப்புப் பேனாவின் தொழிலை இன்று கணினி ஏற்றுக்கொண்டுவிட்டது. விரிதாளிலே புள்ளிகளை இட்டால், முப்பத்தைந்துக்குக் குறைந்தவை தாமே சிவக்கின்றன. அதுமட்டுமன்று, புள்ளி ஒரு கட்டத்தில் இருக்க, அதன் காரணமாக வேறொரு கட்டத்திலுள்ள பெயர் சிவக்கும்படியும் செய்யலாம். பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவர் பலர் இதனை அறிவர். ஆயினும் இதிலே வழுக்கும் இடங்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றில் நாமே வழுக்கி விழுந்தோம். அக்கதையைப் பின்னர்ச் சொல்வோம். முதலிற் செய்முறையைப் பார்ப்போம்.

விரிதாள் வரம்பு கட்டிய வயலைப் போன்றது. குறுக்கே செல்வன நிரைகள். அவற்றுக்கு 1, 2, 3 என எண்கள் உண்டு. நெடுக்கே இறங்குவன நிரல்கள். அவற்றுக்கு ஏ, பி, சி, டி என ஆங்கில எழுத்துக்கள். இரண்டும் சந்திக்கும் பாத்தியே கட்டம். பாடநூலார் அதனைக் 'கலம்' என்பர். வீட்டிலுள்ளோர்க்கும் விளங்கட்டும் என்று நாம் கட்டம் என்றே எழுதுகின்றோம். டி நிரலும் 2ஆம் நிரையும் சந்திக்கும் கட்டத்தின் பெயர் டி2. (எழுத்துக்களை இங்கே தமிழில் அச்சிட்டிருக்கின்றோம்; கணினியில் ஆங்கில எழுத்துக்களையே தட்டுதல் வேண்டும்.)

தனியாள் கணினிக்குரிய முதல் விரிதாளான விசிகல்க்கை அமெரிக்கரான டான் பிரிக்ளினும் பொப் பிராங்ஸ்டனும் 1979இல் வெளியிட்டனர். எக்செல் 1985இல் வந்தது. நிபந்தனைக்கேற்ப நிறம் மாற்றும் வசதி எக்செல்லின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் தோன்றியது. அப்பொழுது ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைகளுக்கு மேல் இட இயலாது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அத்தடை நீங்கிற்று. இன்று விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஓபிஸிலும் கூகிள் ஷீற்ஸிலும் இவ்வசதி உண்டு. ஆகவே காசில்லை என்று எந்த மாணவரும் பின்னிற்க வேண்டியதில்லை.

நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். முதல் நிரையிலே தலைப்புக்கள். இரண்டாம் நிரை தொடங்கி நாற்பத்தோராம் நிரை வரையிற் பிள்ளைகள். பி நிரலிலே பெயர். டி நிரலிலே கணிதப் புள்ளி. கணிதத்தில் 35க்குக் குறைந்தவரின் பெயர் சிவக்கவேண்டும். பி2 முதல் பி41 வரையுள்ள பெயர்களைத் தெரிவுசெய்க. ஹோம் என்னும் பகுதியிலே 'கண்டிஷனல் போமற்றிங்' என்பதைத் திறந்து, புதிய விதி ஒன்றைத் தொடங்கி, சூத்திரத்தினால் விதிப்பது என்னும் வகையைத் தேர்க. அங்கே எழுதவேண்டியது இவ்வளவே:

=$டி2<35

பின்னர் சிவப்பு நிறத்தைத் தெரிந்து ஒப்புக்கொள்ளுக. முடிந்தது காரியம்.

இந்த டொலர்க் குறி எதற்கு? மாணவர் பெரும்பாலும் மனனஞ்செய்துகொண்டு போய்விடும் இடம் இதுவே. மேய்ச்சலுக்கு விட்ட மாட்டைக் கட்டையில் கட்டுவது போன்றது டொலர்க் குறி. நாம் ஒரு கட்டத்துக்கு விதி எழுதுகின்றோம். கணினியோ தெரிவுசெய்த ஒவ்வொரு கட்டத்துக்கும் அவ்விதியை நகர்த்தி நகர்த்திப் பார்க்கின்றது. மூன்றாம் நிரைக்குப் போகும்போது டி2 என்பது டி3 ஆகின்றது. அது நமக்கு வேண்டியதே. ஆனால் பெயரோடு நில்லாமல் நிரை முழுவதையும் சிவக்கச் செய்ய எண்ணி, ஏ முதல் எச் வரையிலும் தெரிவுசெய்தோமானால், கட்டையில்லாத டி பக்கவாட்டிலும் நகரும். ஏ கட்டம் டியைப் பார்க்கும். பி கட்டம் ஈயைப் பார்க்கும். சி கட்டம் எவ்வைப் பார்க்கும். மாடு அடுத்தவர் வளவுக்குட் போய்விட்டது! ஆதலினாலே டியின் முன்னே ஒரு கட்டை அடிக்கின்றோம்.

கட்டை நல்லதென்று இரண்டடித்தாலும் ஆகாது. $டி$2 என்று எழுதினால் மாடு அசையவே மாட்டாது. முதலாம் பிள்ளையின் புள்ளியைக் கொண்டு நாற்பது பிள்ளைகளுக்கும் தீர்ப்பு நடக்கும். முதற் பிள்ளை கெட்டிக்காரியானால் வகுப்பிலே ஒருவருஞ் சிவக்கார்! இன்னொரு வழுக்கலும் உண்டு. தெரிவை இரண்டாம் நிரையில் தொடங்கிவிட்டுச் சூத்திரத்தில் டி1 என்று எழுதிவிட்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கு மேலுள்ள பிள்ளையின் புள்ளியே விதியாகும். தாளைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். சிவப்பும் ஆங்காங்கே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு படி தவறி இருக்கும். விதி எழுதியதும் குறைந்த புள்ளியுள்ள இருவரையேனும் விரல்வைத்துச் சரிபார்ப்பது எமது வழக்கம்.

புள்ளிக்குத்தான் இது உதவும் என்று தாய்மார் இப்பத்தியை மடித்துவிட வேண்டாம். எமது வீட்டிலே அடகுத் துண்டுகளுக்கு ஒரு விரிதாள் இருக்கின்றது. காலபோக விதைப்புக்கு நகை போவதும் அறுவடையோடு திரும்புவதும் வன்னியிலே எவ்வீட்டுக்கும் புதிதன்று. பி நிரலில் மீட்கவேண்டிய தவணைத் திகதி; சி நிரலில் மீட்ட திகதி. தவணை கடந்தும் சி வெறுமையாய் இருப்பின் நகையின் பெயர் சிவக்கும். இதனை =அண்ட்($பி2<டுடே(),$சி2="") என்று எழுதினோம். 'டுடே' என்பது அன்றன்றைய திகதியைத் தானே தருவது. நேற்று வெள்ளையாயிருந்த கட்டம் இன்று காலையிற் சிவந்து நிற்கும், ஒருவரும் தொட்டிருக்கமாட்டார். இத்தாளை எம் இல்லாள் கிழமைக்கொருமுறை திறந்து பார்ப்பதுண்டு. நாம் அத்துணை விரும்பித் திறப்பதில்லை.

முப்பத்தைந்து என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே எல்லை. ஆகவே அவ்வெண்ணைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவிட்டோம். ஒவ்வொரு நிரைக்கும் எல்லை வேறானால் என்செய்வது? எம்மவர்க்குக் குளத்தை விட நல்ல உதாரணம் இல்லை. இரணைமடுவின் முழுக் கொள்ளளவு மட்டம் இன்று 36 அடி. மாவட்டத்தின் ஏனைய குளங்களுக்கு அவ்வவற்றின் ஆழம். இரணைமடுவில் 20 அடி என்றால் கமக்காரர் சிறுபோகத்தை எண்ணிக் கவலைப்படுவர்; சிறு குளமொன்றில் அதே 20 அடி என்றால் அணைக்கட்டை எண்ணி ஓடுவர். எல்லாக் குளத்துக்கும் ஓரெண்ணை எல்லையாக வைப்பது பேதைமை. ஆகவே சி நிரலில் குளத்தின் முழுமட்டம், டி நிரலில் இன்றைய மட்டம் என இட்டு, =$டி2>=$சி2 என்றால் சிவப்பு; =$டி2>=$சி2-1 என்றால், அஃதாவது நிரம்ப ஓரடியோ அதற்குக் குறைவோ எஞ்சியிருந்தால், மஞ்சள் என வைத்தோம். ஒவ்வொரு குளமும் தன்னைத் தன்னோடே ஒப்பிடுகின்றது. நிரம்பிய குளத்துக்கு இரு விதிகளுமே பொருந்துமாதலின் சிவப்பு விதியை மேலே வைத்தல் வேண்டும்; முரண்பட்டால் மேலே நிற்பதே வெல்லும்.

நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அட்டவணையும் இந்நெறியிலேயே அமைந்தது. ஒவ்வோர் அளவை நிலையத்துக்கும் எச்சரிக்கை மட்டம், சிறுவெள்ள மட்டம், பெருவெள்ள மட்டம் என்பன தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். 2018 டிசெம்பர் 21, 22ஆந் திகதிகளிற் பெய்த பெருமழையில் இரணைமடு வான்பாய்ந்து, கிளிநொச்சி முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வீடுவாசல் விட்டு வெளியேறியதை நம்மில் யார் மறப்பர்? அன்றிலிருந்து மார்கழி மழை தொடங்கினால் கைத்தொலைபேசியில் நீர்மட்டம் பாராத வீடு எமது சுற்றாடலில் இல்லை.

அடுத்து அங்குலக் கணக்கு. எமது மாணவர் இருவரைக் கொண்டு ஒருமுறை இவ்வட்டவணையைச் செய்வித்தோம். 34 அடி 6 அங்குலத்தை ஒருவன் 34.6 என்றும், 34 அடி 10 அங்குலத்தை மற்றவன் 34.10 என்றும் இட்டார்கள். கணினிக்கு 34.10 என்பது 34.1 தான். நான்கு அங்குலம் ஏறிய குளம் அரையடி இறங்கியதாகக் கணினி கொண்டது. பன்னிரண்டு அங்குலம் ஓரடி என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. அங்குலத்தை வேறு நிரலில் இட்டுப் பன்னிரண்டால் வகுத்து அடியோடு கூட்டியபின்னரே நிறம் உண்மை பேசிற்று.

இனி எமது கதைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பத்தாந் தர வகுப்பொன்றின் இரண்டாந் தவணைப் புள்ளிகளை நாமே விரிதாளில் இட்டோம். கணிதத்தில் 35க்குக் குறைந்தோர்க்குப் பின்னேர வகுப்பு நடத்துவதாக ஏற்பாடு. பெயர்களுக்கு மேற்சொன்ன விதியை இட்டு, சிவந்த பெயர்களை நிறத்தால் வடித்தெடுத்துப் பட்டியலாக்கினோம். பதினொரு பெயர்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டதென்று பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்மை.

ஆறு கிழமை கழிந்தபின் ஒருநாள் பிற்பகல், சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு ஒரு தந்தையார் வாசலில் வந்து நின்றார். வயலிலிருந்து நேரே வந்திருக்கிறார் என்பது காலிலே தெரிந்தது. உள்ளே வருமாறு அழைத்தும் வரவில்லை.

"சேர், என்ரை பிள்ளைக்குக் கணக்கு ஓடாதெண்டு எனக்குத் தெரியும். பின்னேர வகுப்புக்கு அவளை மட்டும் எடுக்கேல்லை எண்டு சொல்லுறாள். காசு ஏதும் கட்டவேணுமெண்டால் சொல்லுங்கோ, நெல்லு வித்தாப்போலை தாறன்."

"அப்படி ஒரு சதமும் வாங்குறேல்லை, ஐயா. அவளுக்குப் புள்ளி காணுமாக்கும்," என்றோம்.

"இருபது தானே சேர் எடுத்தவள்."

தாளைத் திறந்து பார்த்தோம். பெயர் வெள்ளையாக இருந்தது. எதிரே 20 என்றும் இருந்தது. சற்று நேரம் ஒன்றும் விளங்கவில்லை. அக்கட்டத்தைத் தொட்டுத் திருத்தப் போனபோதுதான் புரிந்தது. இரண்டுக்குப் பக்கத்தில் நின்றது சுழியம் அன்று. ஆங்கில எழுத்தாகிய 'ஓ'. சுழியத்துக்குச் சற்றுக் கீழே விசைப்பலகையில் இருக்கும் எழுத்து. அவசரத்தில் எமது விரலே அதனைத் தட்டியிருக்கின்றது.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கணினிக்கோ ஓர் எழுத்துக் கலந்தாலும் அக்கட்டம் எண்ணன்று, சொல். எண்ணையுஞ் சொல்லையும் ஒப்பிட நேர்ந்தால், எந்தச் சொல்லும் எந்த எண்ணிலும் பெரிது என்பது எக்செல்லின் விதி. ஆகவே அவளுடைய 'இருபது' முப்பத்தைந்திலும் பெரிது, நூறிலும் பெரிது. இதிலும் கொடிது என்னவென்றால், சராசரி காணும் சூத்திரம் சொற்களைக் கண்டால் அவற்றை ஒதுக்கிவிட்டு மிகுந்த பாடங்களுக்கே சராசரி காணும். கணிதம் ஒதுக்கப்பட்டபடியால் அவளது சராசரி உயர்ந்து நின்றது. தாளின்படி அவள் சுகமாக இருந்தாள்.

இத்தகைய பிழையைக் காட்டிக்கொடுக்கக் கணினி ஓர் அடையாளத்தைத் தானே தருவதுண்டு. வேறு ஏற்பாடு செய்யாவிடின் எண் கட்டத்தின் வலப்பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். சொல் இடப்பக்கத்தில் நிற்கும். நாமோ அழகுக்காகப் புள்ளிகள் யாவற்றையும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தோம்.

இதே பிழை குள அட்டவணையில் நேர்ந்தால் பயன் தலைகீழாகும். மட்டத்தை '21 அடி' என்று சொல்லோடு சேர்த்து இட்டால், அது முழுமட்டத்திலும் பெரிதாகி, வரட்சியிலும் அக்குளம் சிவந்தே கிடக்கும். அப்பிழையை ஒரே நாளில் எவரும் கண்டுபிடித்துவிடுவர். பொய்யான சிவப்பு கூச்சலிடுமல்லவா? புள்ளித்தாளில் நேர்ந்ததோ பொய்யான வெள்ளை. நிறம் இட்டபின் நாம் நாற்பது கட்டங்களையும் வாசிப்பதை விட்டுவிட்டோம். சிவந்தவற்றை மட்டுமே பார்த்தோம். எம் பழைய ஆசிரியர் சிவப்புப் பேனாவைத் திறக்குமுன் ஒவ்வோர் எண்ணையும் கண்ணால் வாசித்தாக வேண்டியிருந்தது. அவ்வாசிப்பு எமக்கு இல்லாது போயிற்று.

வெறுங்கட்டமும் இவ்வாறே ஏமாற்றும். ஒப்பிடும்போது வெறுமையைக் கணினி சுழியமாகக் கொள்ளும். ஆகவே காய்ச்சலாகிப் பரீட்சைக்கு வராத பிள்ளையும் சுழியம் எடுத்த பிள்ளையும் ஒன்றாகச் சிவப்பர். வராதவருக்கு 'வரவில்லை' என்று எழுதினாலோ அது சொல்லாகி வெள்ளையில் மறைந்துகொள்ளும்.

தந்தையார் சென்ற அன்றிரவே தாளைத் திருத்தினோம். சிவப்பு விதியை =அண்ட்(இஸ்நம்பர்($டி2),$டி2<35) என்று மாற்றினோம்; அஃதாவது, எண்ணாகவும் இருக்கவேண்டும், 35க்குக் குறையவும் வேண்டும். அதற்கும் மேலே ஒரு மஞ்சள் விதி: =நொற்(இஸ்நம்பர்($டி2)). எண்ணல்லாத எதுவும், வெறுமையாயினும் எழுத்தாயினும், பெயரை மஞ்சளாக்கும். மஞ்சள் என்பதற்கு 'தெரியாது, போய்ப் பார்' என்று பொருள். தாளின் அடியிலே =கவுண்ட்(டி2:டி41) என்றும் இட்டோம். அது எண்களை மட்டும் எண்ணுவது. நாற்பது என்று வரவேண்டிய இடத்தில், பழைய தாளிலே முப்பத்தொன்பது என்று காட்டிற்று. அந்த ஒன்று அங்கேயே ஆறு கிழமையாக இருந்திருக்கின்றது. கேட்கத்தான் எமக்குத் தோன்றவில்லை. 0 முதல் 100 வரையுள்ள முழுவெண்ணன்றி வேறெதனையும் ஏற்காதே என்று கட்டங்களுக்குக் கட்டளையிடும் 'டேற்றா வலிடேஷன்' என்னும் வசதியும் உண்டு. தட்டும் பிழையை அது தடுக்கும். வேறிடத்திலிருந்து பிரதிபண்ணி ஒட்டும் பிழையைத் தடுக்காது.

நிறத்தைப் பற்றி இன்னுமொரு சொல். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண் ஆண்கள் சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது. பெண்களிடையே அது மிக அரிது. ஆசிரியர் அறையிலும் அத்தகையோர் இருத்தல் கூடும். மேலும் எமது பாடசாலைகளின் போட்டோப் பிரதி இயந்திரங்கள் பெரும்பாலுங் கறுப்பு வெள்ளை. திரையிலே செக்கச்செவேலென்று நின்ற பெயர் தாளிலே சாம்பலாய் வரும்; மஞ்சளோ தெரியவே தெரியாது. அதனால் நிறத்தோடு நிறுத்தாமல், அடுத்த நிரலிலே 'உதவி தேவை', 'பார்க்க' என்று சொல்லாலும் எழுதுவித்துக்கொள்கிறோம். சிவந்த கட்டங்களை எண்ணித் தரும் சூத்திரம் எக்செல்லில் இல்லையாதலால், எத்தனை பேர் என்று எண்ணுவதற்கும் அச்சொல்லே உதவுகின்றது.

மறுநாள் அப்பிள்ளையை அழைத்து, பிழை எம்முடையது என்று சொன்னோம். "நான் படிச்சும் பிரயோசனமில்லை எண்டு விட்டிட்டீங்களாக்கும் எண்டு நினைச்சன், சேர்," என்றாள். ஆறு கிழமையும் அவள் அப்படித்தான் எண்ணியிருந்திருக்கின்றாள். அன்று பின்னேரமே வகுப்புக்கு வந்தாள். பதினொருவரும் சமன்பாடுகளை முடித்துவிட்டு வரைபுக்குப் போயிருந்தார்கள். அவளுக்காக ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலம் தனியே ஒதுக்கினோம்.

மூன்றாந் தவணையில் அவள் எடுத்தது 31. பெயர் சிவந்தது. அடுத்த ஆண்டுப் பின்னேர வகுப்பின் இடாப்பில் முதலாவதாக அவளை எழுதிக்கொண்டோம்.